மருந்துச் சீட்டில் செயலி: மருத்துவர்களின் ஏற்பும் தயக்கமும் – ஒரு வரலாறு

நோயாளிக்கு மாத்திரை எழுதித் தருவது போலவே, திறன்பேசியில் பயன்படுத்தும் ஒரு மருத்துவச் செயலியையும் சீட்டில் எழுதித் தருவது 'செயலிப் பரிந்துரை' எனப்படும். சர்க்கரை அளவைக் குறித்துவைத்து அறிவுரை சொல்லும் செயலி, மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி, மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் பயிற்சி தரும் செயலி என இவை பல வகைப்படும். செருமனி போன்ற நாடுகளில் இதற்குத் தனிச் சட்டமே உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆயினும் நம் மருத்துவர்களும் செவிலியர்களும் கடந்த இருபது ஆண்டுகளாக ஏதோ ஒரு வடிவில் இந்தக் கேள்வியை எதிர்கொண்டே வருகிறார்கள். நோயாளியின் கையில் ஒரு கருவியைக் கொடுத்து அனுப்பலாமா, அது சொல்வதை நம்பலாமா, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவை புதிய கேள்விகள் அல்ல. இவற்றின் வேர் திறன்பேசிக்கு வெகுகாலம் முந்தையது. அதில் ஒரு முக்கியமான வேர் சென்னையில் இருக்கிறது.

சூலூரில் ஒரு காலை

கோயம்புத்தூரிலிருந்து திருச்சி சாலையில் கிழக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் நொய்யல் கரையில் இருக்கிறது சூலூர். வெளியூர்க்காரர்களுக்கு விமானப்படைத் தளம்தான் அடையாளம். உள்ளூர்க்காரர்களுக்கு விசைத்தறி. சூலூர், சோமனூர், பல்லடம் என்று நீளும் இந்தப் பகுதியில் தறிக்குடோன்களில் பகலும் இரவுமாக ஷிப்ட் ஓடுகிறது. தறிச் சத்தத்துக்குள் நின்றே வேலை செய்பவர்களுக்கு உணவு நேரமும் தூக்க நேரமும் வாரத்துக்கு வாரம் மாறும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் இதைவிட ஏற்ற சூழல் வேண்டியதில்லை.

இங்குள்ள அரசு மருத்துவமனையிலோ சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றிலோ தொற்றா நோய்ப் பிரிவின் வரிசையில் ஒரு காலை நின்று பார்த்தால் நம் பொருளின் அளவு புரியும். செவிலியர் இரத்த அழுத்தம் பார்த்துச் சிறு புத்தகத்தில் எழுதுகிறார். மருத்துவர் அதைப் பார்த்து மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் எழுதுகிறார். ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், சில நாட்களில் அதுவும் இல்லை. "நடங்க, அரிசியக் கொறைங்க" என்று சொல்வதோடு வாழ்க்கைமுறை அறிவுரை முடிந்துவிடும். அந்த நோயாளி அடுத்த முப்பது நாள் என்ன செய்தார் என்பது மருத்துவருக்குத் தெரிய வழியில்லை.

2020-இல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பின்படி, 18 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருந்தது. அதைவிடக் கவலைக்குரியது அடுத்த எண். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர். சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் இந்த நிலை. இரண்டு வருகைகளுக்கு இடைப்பட்ட அந்த முப்பது நாளில்தான் எல்லாம் கைநழுவுகிறது. செயலி நுழைய விரும்பும் இடமும் அதுவே.

நோயாளியை நம்பலாமா: 1956, சென்னை

காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகும், நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவைப்பதே முறையாக இருந்தது. தாம்பரத்தில் ஒரு சானடோரியம் இருந்தது. கொங்குப் பகுதியில் பெருந்துறையில் ஒன்று இருந்தது. அந்த ஊரில் பேருந்தில் போகிறவர்கள் இன்றும் 'சானடோரியம்' என்றே சீட்டுக் கேட்கிறார்கள். நோயாளிகளின் எண்ணிக்கையோ இருந்த படுக்கைகளைவிடப் பல மடங்கு. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தபோது மருத்துவர்கள் பலர் தயங்கினார்கள். ஏழை நோயாளி, நெரிசலான வீடு, போதாத உணவு, யாரும் கண்காணிக்காத நிலை. இதில் ஒரு வருடம் தவறாமல் மாத்திரை சாப்பிடுவாரா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் அதை வழிநடத்தினார். ஏறத்தாழ இருநூறு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் நோய்க்கிருமி அடங்கிய நிலையை அடைந்திருந்தார்கள். வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் ஏற்படவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரும் காரணம்.

நம் பொருளுக்கு முக்கியமானது அந்த ஆய்வின் இன்னொரு பக்கம். வீட்டில் இருந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டார்களா என்று அறிய, பணியாளர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்து கொடுப்பதைவிட அது உள்ளே போகிறதா என்று அறிவதே கடினம் என்பதைச் சென்னைக் குழு கண்டுகொண்டது. பணியாளர் கண்ணெதிரே மருந்தை விழுங்கவைக்கும் முறை உருவானதில் சென்னை ஆய்வுகளுக்குப் பெரிய பங்குண்டு. அதாவது, நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொன்ன அதே ஊரில்தான், அனுப்பிய பிறகு அவரை எப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பது என்ற கவலையும் பிறந்தது. இன்றைய 'நினைவூட்டல் செயலி'யின் முன்னோர் இந்தச் சிறுநீர்ச் சோதனைதான் என்று சொன்னால் மிகையாகாது.

கருவி யார் கையில்?

சர்க்கரை நோயின் கதை வேறு விதம். 1970-ஐ ஒட்டி அமெரிக்காவில் விரல் இரத்தத்தில் சர்க்கரை அளவைக் காட்டும் மின்கருவி ஒன்று வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்றார்கள். சிறுவயது முதல் சர்க்கரை நோயால் அவதிப்பட்ட ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் அதை வாங்கினார். நாளுக்குப் பல முறை அளந்து, இன்சுலினையும் உணவையும் அதற்கேற்ப மாற்றித் தம் நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். அதை எழுதி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பியபோது ஏற்க மறுத்தார்கள். நோயாளி தானே அளப்பதா என்பதே அன்றைய பொது மனநிலை. கடைசியில் அவர் நாற்பது வயதைக் கடந்தபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, மருத்துவராகி, பிறகு தம் கருத்தைச் சொன்னார். இன்று சூலூர் மருந்துக்கடையிலும் அந்தக் கருவியின் பேரப்பிள்ளைகள் உள்ளங்கை அளவில் விற்கின்றன. "வீட்டுலயே பாத்து எழுதிட்டு வாங்க" என்று மருத்துவரே சொல்கிறார்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மருத்துவர்கள் புதிய கருவிகளை எதிர்ப்பவர்கள் என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. தங்கள் கையில் இருக்கும் கருவியை அவர்கள் விரைவாகவே ஏற்கிறார்கள். நோயாளியின் கைக்குப் போகும் கருவிதான் அவர்களைத் தயங்கவைக்கிறது.

தமிழ்நாட்டுத் தொலைமருத்துவத்தின் வெற்றி இதையே உறுதிசெய்கிறது. 2000 மார்ச் மாதம் அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் முன்னிலையில் தொடங்கிய ஆரகொண்டா தொலைமருத்துவ மையம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தாலும், அதன் மறுமுனை சென்னை. சங்கர நேத்ராலயா 2003-ஐ ஒட்டிக் கண் பரிசோதனை வாகனங்களைக் கிராமங்களுக்கு அனுப்பிச் செயற்கைக்கோள் வழியே சென்னை மருத்துவர்களுடன் இணைத்தது. அரவிந்த் கண் மருத்துவமனை தேனிப் பகுதியில் நெடுந்தூர வைஃபை இணைப்பைக் கொண்டு பார்வை மையங்களை நிறுவியது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைச் சோதிப்பார். தொலைவிலுள்ள மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசி முடிவெடுப்பார். 1997-இல் தொடங்கிய கோவை அரவிந்துக்கும் இத்தகைய மையங்கள் உண்டு. கண் மருத்துவர்கள் இதை ஏற்பதில் பெரிய சிக்கல் எழவில்லை. நடுவில் அவர்கள் பயிற்சியளித்த ஊழியர் இருந்தார்; முடிவு அவர்களிடமே இருந்தது.

செயற்கை நுண்ணறிவு வந்தபோதும் இப்படியே. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டதைப் படத்தைப் பார்த்துக் கண்டறியும் கூகுளின் மென்பொருள் பற்றிய ஆய்வு 2016-இல் வெளியானது. அதற்குப் படங்கள் தந்தவர்களில் அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் இருந்தன. 2019-இல் அதே இரு மருத்துவமனைகளில் நேரடியாகச் சோதித்த முடிவும் வெளிவந்தது. மென்பொருள் மருத்துவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. நோயாளியின் சட்டைப்பைக்குள் போகவில்லை.

குறுஞ்செய்தி மருந்தானபோது

நோயாளியின் சட்டைப்பைக்குள் போன சோதனை ஒன்றும் தென்னிந்தியாவில்தான் நடந்தது. வியப்பு என்னவென்றால், உலக அளவில் பேசப்பட்ட அந்த ஆய்வு நம் மாணவர்களிடையே அவ்வளவாக அறியப்படவில்லை.

சர்க்கரை நோய் மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவரது குழுவினரும் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். வயது 35 முதல் 55 வரை. அனைவருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றி அறிவுரை தரப்பட்டது. அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் இரண்டாண்டுகள் வாரத்துக்குச் சில குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். எளிய செய்திகள்தாம், லிஃப்டுக்குப் பதில் படிக்கட்டு, இனிப்புக்குப் பதில் பழம் என்ற வகை. முடிவு 2013-இல் லான்செட் குழும இதழில் வெளியானது. செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி பெற்றவர்களில் 18 பேருக்குத்தான் வந்தது. பதினொரு பேருக்குச் செய்தி அனுப்பினால் ஒருவரை நோயிலிருந்து காப்பாற்றலாம் என்பது இதன் கணக்கு. இதே பலனை ஒரு மாத்திரை தந்திருந்தால் அது மறு ஆண்டே ஒவ்வொரு கிளினிக்கின் மேசையிலும் இருந்திருக்கும்.

குறுஞ்செய்தி அப்படி மேசைக்கு வரவில்லை. மருத்துவர்களின் மனப்பான்மையைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடும் ஒன்று இதில் இருக்கிறது. மாத்திரைக்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது: மெடிக்கல் ரெப் வருகிறார், மாதிரி தருகிறார், அளவு சொல்கிறார்; பக்க விளைவு அச்சிட்ட தாள் இருக்கிறது; கடைக்காரர் இருக்கிறார்; மருத்துவர் படித்த பாடநூலில் அதற்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. குறுஞ்செய்திக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அதற்கு ரெப் இல்லை. பணம் கட்ட ஆளும் இல்லை, ஏனெனில் நம் அரசுக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நோயாளி போக ஒரு கடையும் இல்லை. மருத்துவர் எழுதாததற்கு அவர் மனம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2019-இல் வெளியான எம்வெல்கேர் ஆய்வு கருநாடகத்திலும் அரியானாவிலும் 40 சமுதாய சுகாதார மையங்களில் நடந்தது. செவிலியர் கைக்கணினியில் விவரங்களைப் பதிந்தால், எந்த மருந்து எவ்வளவு என்று அது மருத்துவருக்குச் சொல்லும். ஓராண்டுக்குப் பின் பார்த்தால், மேம்பட்ட வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே இரத்த அழுத்தத்திலோ சர்க்கரையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எளிய குறுஞ்செய்தி வென்ற இடத்தில் அறிவார்ந்த கைக்கணினி வெல்லவில்லை. செயலி என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு வேறுபட்ட பொருள்கள் இருக்கும்போது, "ஆதாரம் எங்கே?" என்று கேட்கும் மருத்துவரைப் பழமைவாதி என்று ஒதுக்குவது முறையல்ல.

மாத்திரை உறையில் தொலைபேசி எண்

காசநோய்க்கே திரும்புவோம். கண்ணெதிரே மருந்து விழுங்கும் முறை, தினமும் மையத்துக்கு வரவேண்டிய நோயாளிக்குக் கூலி இழப்பாக முடிந்தது. தறிக்குடோனில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் இல்லை. இதற்குத் தீர்வாக வந்தது 99டாட்ஸ். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் உருவான இதில், மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை இருக்கும். மாத்திரையைப் பிரித்தால் உள்ளே மறைந்திருக்கும் எண் தெரியும். அந்த எண்ணை உள்ளடக்கிய இலவச எண்ணுக்கு நோயாளி ஓர் அழைப்பு விடவேண்டும். அழைப்பு வந்தால் மாத்திரை உள்ளே போனதாகக் கணக்கு. திறன்பேசி வேண்டாம், பழைய பட்டன் ஃபோன் போதும். எளிமையில் அழகான யோசனை.

தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் சென்னை, வேலூர், மும்பை மையங்களில் நோயாளிகளையும் மருத்துவப் பணியாளர்களையும் பேட்டி கண்டு 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவப் பணியாளர் மனப்பான்மை பற்றித் தமிழ்நாட்டிலிருந்து கிடைக்கும் மிக நேரடியான சான்று இதுதான். கருத்துகள் கலவையாக இருந்தன. நோயாளியை அலையவிடாமல் இருப்பது நல்லது என்றார்கள். யார் மருந்தைத் தவறவிடுகிறார் என்று தெரிவது பயன் என்றார்கள். அதே வேளையில் சொந்தத் தொலைபேசி இல்லாதவர், சிக்னல் கிடைக்காதவர், எண்ணைப் படித்து அழுத்தத் தெரியாதவர் நிறையப் பேர் இருந்தார்கள். காசநோய் இருப்பதை வீட்டிலேயே மறைப்பவருக்கு, மருத்துவமனையிலிருந்து வரும் நினைவூட்டல் உதவியாக அல்ல, அச்சமாகவே இருந்தது. நேரில் பார்க்கும் வாய்ப்புக் குறைந்தது குறித்தும் கவலை இருந்தது.

கருவியின் துல்லியத்தையும் சோதித்தார்கள். எப்படி என்கிறீர்களா? நோயாளி வீட்டுக்குச் சொல்லாமல் போய்ச் சிறுநீரைச் சோதித்துத்தான். அறுபது ஆண்டுகளுக்கு முன் வாலஸ் ஃபாக்ஸ் குழு செய்த அதே வேலை. மருந்தை உட்கொண்டவர்களில் கணிசமானோரைக் கருவி 'உட்கொள்ளவில்லை' என்று காட்டியது. அவர்கள் மாத்திரையைச் சாப்பிட்டார்கள், அழைப்புத்தான் விடவில்லை. உட்கொள்ளாதவர்கள் சிலரும் கருவியின் பிடியிலிருந்து தப்பினார்கள். களப்பணியாளர் திரையை முழுதாக நம்பாமல் ஒரு நடை நேரில் போய்ப் பார்த்ததற்கு நல்ல காரணம் இருந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 சூலையில் மும்பை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், ரத்னகிரியைச் சேர்ந்த மருத்துவத் தம்பதிக்கு முன்பிணை மறுத்தது. அவர்கள் நேரில் இல்லாதபோது தொலைபேசியில் சொன்ன மருந்துகளின் பேரில் சிகிச்சை பெற்ற பெண் இறந்துபோனார் என்பது வழக்கு. அதன் நுணுக்கங்கள் வேறு. மருத்துவர்களிடையே பரவியதோ 'ஃபோனில் மருந்து சொன்னால் ஜெயில்' என்ற ஒற்றை வரி. நாடெங்கும் மருத்துவர்கள் தொலைபேசி ஆலோசனைக்கே அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தை நீக்கியது கொரோனா. 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. எந்த மருந்தைத் தொலைவிலிருந்து எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று பட்டியலிட்டார்கள். வாட்ஸ்அப் உட்பட எந்த ஊடகத்தையும் பயன்படுத்தலாம் என்றார்கள். செயற்கை நுண்ணறிவு தானாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. மருத்துவருக்கு உதவலாம் என்றும் வரையறுத்தார்கள். ஏப்ரலில் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை தொடங்கியது. தொடக்க மாதங்களில் அதை மிக அதிகமாகப் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. முந்தைய ஆண்டு வரை ஃபோனில் பேசத் தயங்கிய மருத்துவர்கள் சில வாரங்களில் மாறிவிட்டார்கள். அவர்களை மாற்றியது பயிற்சி வகுப்பு அல்ல. 'நீ செய்யலாம்' என்று எழுதப்பட்ட ஒரு தாள்.

ஆனால் அந்தத் தாள் மருத்துவர் நோயாளியோடு பேசுவதைப் பற்றியது. செயலியைப் பரிந்துரைப்பது பற்றி அதில் வழிகாட்டுதல் இல்லை. மென்பொருளும் மருத்துவச் சாதனமே என்று 2020 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அது செய்பவரைக் கட்டுப்படுத்துவது. எழுதித் தரும் மருத்துவரின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பது இன்னும் தெளிவில்லை. மாத்திரை எழுதிய பிறகு மாறாது. செயலியோ அடுத்த வாரமே புதுப்பிக்கப்படலாம், நிறுவனம் கைமாறலாம், விளம்பரம் நுழையலாம். தாம் எழுதியது ஒன்று, நோயாளி பயன்படுத்துவது இன்னொன்று என்றாகும்.

எழுதிப் பார்த்த நாடுகள்

இந்தக் கவலை கற்பனை அல்ல. இங்கிலாந்தின் பொது சுகாதாரச் சேவை 2013-இல் பரிந்துரைக்கத்தக்க செயலிகளின் நூலகம் ஒன்றை அமைத்தது. 2015-இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அதிலிருந்த 79 செயலிகளைச் சோதித்தார்கள். நோயாளியின் அடையாளத்தை இணையத்தில் அனுப்பியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, எந்தக் குறியாக்கமும் இல்லாமல் அனுப்பின. அரசு முத்திரை பெற்ற செயலிகள் இவை. அந்த ஆண்டே நூலகம் மூடப்பட்டது.

அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கான புளூஸ்டார் 2010-இல் அனுமதி பெற்றது. போதைப்பழக்கத்துக்கான ரீசெட் 2017-இல் பெற்றது. ரீசெட்டை உருவாக்கிய பியர் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் திவாலானது. காப்பீட்டு நிறுவனங்கள் போதிய அளவு பணம் தர முன்வரவில்லை என்பது முக்கியக் காரணம். மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சை, அதை நடத்திய நிறுவனத்தோடு சேர்ந்து தள்ளாடியது.

செருமனிதான் முழுமையாக முயன்றது. 2019 இறுதியில் சட்டம் இயற்றி, 2020 அக்டோபரில் முதல் செயலிகளைப் பட்டியலில் சேர்த்தது. காதிரைச்சலுக்கு ஒன்று, பதற்றக் கோளாறுக்கு ஒன்று. மருத்துவர் சீட்டு எழுதுவார். காப்பீட்டு நிதியம் ஒரு குறியீட்டு எண் தரும். நோயாளி அதைச் செயலியில் இட்டால் திறக்கும். ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு இந்த உரிமை உண்டு. இருந்தும் குடும்ப மருத்துவர்களில் பெரும்பகுதியினர் எழுதத் தயங்கினார்கள். விலை ஒரு காரணம். முதல் ஆண்டில் நிறுவனமே விலை வைக்கலாம் என்பதால் மூன்று மாதத்துக்குச் சில நூறு யூரோ ஆனது. ஆதாரம் முழுமையாக வருமுன்பே தற்காலிக அனுமதி தரப்பட்டது இன்னொன்று. செயலியைப் பற்றி நோயாளிக்கு விளக்க நேரம் இல்லை என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது காரணத்தைச் சூலூர் மருத்துவர் கேட்டால் சிரிப்பார். செருமானிய மருத்துவருக்கு இருக்கும் நேரத்தில் அவர் பலரைப் பார்த்து முடித்திருப்பார்.

செவிலியரின் கைக்கணினி

தமிழ்நாட்டில் செயலியை உண்மையில் சுமப்பவர் மருத்துவர் அல்லர். கிராம சுகாதார செவிலியர். 2008-இல் தொடங்கிய பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு முறையில் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பிரசவத்தையும் பதிபவர் அவரே. அந்த 12 இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் பெறுவது கடினம் என்ற நிலையும் பின்னர் வந்தது. அதன்மேல் தடுப்பூசிக்கு ஒன்று, தொற்றா நோய்க்கு ஒன்று, காசநோய்க்கு நிக்ஷய், தேசிய சுகாதார எண்ணுக்கு இன்னொன்று என அடுக்கடுக்காக வந்தன. பதிவேட்டிலும் எழுதவேண்டும், கைக்கணினியிலும் ஏற்றவேண்டும். கணினிப் பதிவுக்குத் தனிப் பணியாளர் வேண்டும் என்பது அவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. இவர்களைத் 'தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்கள்' என்று சொல்ல முடியுமா? தமிழ்நாட்டில் இவர்களைவிட அதிகமாகச் செயலிகளைப் பயன்படுத்திய மருத்துவப் பணியாளர் எவரும் இல்லை. அவர்கள் கேட்பது, தட்டச்சு செய்த நேரத்தில் பார்க்க முடியாமல் போன கர்ப்பிணிக்கு யார் பதில் சொல்வது என்பதே.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த வரலாற்றில் ஒரு சுவாரசியமான திருப்பம். சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார். அவரிடமும் செயலி உண்டு. ஆனால் நோயாளிக்குத் தெரிவது அவர் முகம்தான். தறி ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் "நேத்து மாத்திர போட்டீங்களாக்கா?" என்று கேட்பவர் அதே வீதிக்காரர். ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது 2024-இல் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. அந்த முப்பது நாள் இடைவெளியைத் தமிழ்நாடு செயலியால் அல்லாமல் ஆளால் நிரப்ப முயன்றது என்று இதைப் படிக்கலாம். எல்லா வீட்டுக்கும் ஆள் போக முடியுமா, அவர்களுக்குத் தரும் ஊக்கத்தொகை போதுமா என்பவை தனிக் கேள்விகள்.

வாட்ஸ்அப் என்ற பரிந்துரை

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். கொங்குப் பகுதி மருத்துவர்கள் தினமும் பரிந்துரைக்கும் செயலி ஒன்று இருக்கிறது. "ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸ்அப்ல போடுங்க" என்ற வரிதான் அது. எந்த ஆய்வும் கேட்கவில்லை, எந்த ரெப்பும் வரவில்லை. அதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. நோயாளியின் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. பதில் சொல்வதும் சொல்லாததும் மருத்துவர் விருப்பம். மருத்துவர்கள் செயலியிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதற்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது. அந்தரங்கம், ஆவணம், பொறுப்பு ஆகியவற்றில் அது எவ்வளவு பலவீனமானது என்பது அவர்களுக்கும் தெரியும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகும் பழக்கம் மாறவில்லை.

என் அம்மாவுக்குச் சர்க்கரை. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர்களுடைய செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். "எம்பட ஃபோன்ல அதெல்லாம் வராதுங்க, பையன் நம்பரப் போட்டுக்குங்க" என்று அம்மா சொல்லிவிட்டார். வேறு ஊரில் வேலை பார்க்கும் எனக்குத் தினமும் காலை ஆறரை மணிக்கு "இன்று நடந்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேள்வி வந்துகொண்டிருந்தது. நான் அம்மாவுக்கு ஃபோன் செய்து கேட்பேன். "கொளத்துக் கரை வரைக்கும் போயிட்டு வந்துட்டேன் சாமி" என்பார். நான் 'ஆம்' என்று அழுத்துவேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்த மருத்துவர், செயலியை அம்மா ஒழுங்காகப் பயன்படுத்துகிறார் என்று பாராட்டினாராம். சர்க்கரையும் குறைந்துதான் இருந்தது.